இரண்டு போர்டோ கலவைகள்

கம்பம் பள்ளத்தாக்கில் திராட்சை போட்டிருக்கும் விவசாயியிடம் 'போர்டோ கலவை' என்று சொன்னால் அவர் கண்முன் நீல நிறம்தான் வரும். மயில்துத்தம், சுட்ட சுண்ணாம்பு, தண்ணீர். ஒரு சதவீதக் கலவைக்கு 400 கிராம் மயில்துத்தத்தை 20 லிட்டர் தண்ணீரிலும், 400 கிராம் சுண்ணாம்பை இன்னொரு 20 லிட்டரிலும் தனித்தனியே கரைக்க வேண்டும். பிறகு துத்தக் கரைசலைச் சுண்ணாம்புப் பாலில் மெல்ல ஊற்றிக்கொண்டே கலக்க வேண்டும். இரும்புப் பாத்திரம் ஆகாது; மண்பானையோ பிளாஸ்டிக் வாளியோதான். கடைசியாக ஒரு கத்தியை அதில் முக்கி எடுப்பார்கள். கத்தியில் செம்பழுப்பாக ஏதாவது படிந்திருந்தால் துத்தம் மிஞ்சி நிற்கிறது என்று அர்த்தம்; இன்னும் கொஞ்சம் சுண்ணாம்பு சேர்க்க வேண்டும். கத்தி பளிச்சென்று வந்தால் மருந்து தயார்.

இதே சொல்லை ஒயின் வியாபாரி ஒருவரிடம் சொன்னால் அவருக்குச் சிவப்பு நிறம் நினைவுக்கு வரும். கேபர்னே சாவின்யான், மெர்லோ, கேபர்னே ஃபிராங், பெத்தி வெர்தோ ஆகிய திராட்சை ரகங்களைத் தனித்தனியே நொதிக்க வைத்து, பிறகு அளந்து கலக்கும் ஒயின் அது. உலகில் அதிகம் பின்பற்றப்பட்ட சிவப்பு ஒயின் செய்முறை என்று அதைச் சொல்லலாம். நல்ல ஆண்டில் விளைந்த ஒரு புட்டிக்குச் சாதாரணக் குடும்பத்தின் பல மாதச் செலவை விலையாகக் கேட்பார்கள்.

ஒன்று பூச்சிமருந்துக் கடைச் சரக்கு, மற்றொன்று அரண்மனை விருந்துச் சரக்கு. ஆனால் இரண்டும் ஒரே ஊரின் பெயரைத் தாங்குபவை. இரண்டும் ஒரே எதிராளியைச் சமாளிக்கப் பிறந்தவையும்கூட. அந்த எதிராளி, போர்டோவின் வானம்.

விளிம்பில் ஒரு நிலம்

பிரான்ஸின் தென்மேற்கில், அட்லாண்டிக் கடலுக்கு அருகே இருக்கிறது போர்டோ. கரோன், தோர்தோன் என்ற இரண்டு ஆறுகள் நகரத்துக்கு வடக்கே ஒன்றுசேர்ந்து, ஜிரோந்து என்ற அகன்ற கழிமுகமாகிக் கடலில் விழுகின்றன. கழிமுகத்தின் இடது கரை மெடோக். அங்கே மண் என்று பெரிதாக ஒன்றும் இல்லை. ஆறுகள் பல்லாயிரம் ஆண்டுகளாக உருட்டிக் கொண்டுவந்து கொட்டிய கூழாங்கல் மேடுகள்தான். 17ஆம் நூற்றாண்டில் டச்சுப் பொறியாளர்கள் வந்து வாய்க்கால் வெட்டித் தண்ணீரை வடிக்கும் வரை அதில் பெரும்பகுதி சதுப்பாகக் கிடந்தது. வலது பக்கத்தில் சேந்தெமிலியோன், பொமரோல் பகுதிகளில் களிமண்ணும் சுண்ணாம்புப் பாறையும்.

1855இல் பாரிஸில் உலகக் கண்காட்சி நடந்தபோது, மூன்றாம் நெப்போலியன் இந்த வட்டாரத்து ஒயின்களைத் தரம் பிரிக்கச் சொன்னார். தரகர்கள் அதுவரை சந்தையில் கிடைத்த விலையை வைத்து ஐந்து படிகளாக ஒரு பட்டியல் போட்டுக் கொடுத்தார்கள். முதல் படியில் லாஃபிட், லாத்தூர், மார்கோ, ஓ-பிரியோன் ஆகிய நான்கு தோட்டங்கள். 1973இல் மூத்தோன் ரோத்சில்ட் ஐந்தாவதாக மேலே ஏற்றப்பட்டது. மற்றபடி 170 ஆண்டுகளாக அந்தப் பட்டியல் ஏறத்தாழ அப்படியே நிற்கிறது. நிலம் மாறவில்லை, தரம் மாறவில்லை. மாறுவதெல்லாம் ஆண்டுதான். அதனால்தான் புட்டியின் மேல் தோட்டத்தின் பெயருக்கு இணையாக ஆண்டையும் அச்சிடுகிறார்கள்.

ஆண்டுக்கு ஆண்டு அப்படி என்ன மாறிவிடும்? போர்டோ 45 டிகிரி வட அட்சத்தை ஒட்டி இருக்கிறது. கடல் பக்கத்தில் இருப்பதால் ஆண்டுக்கு 900 மில்லிமீட்டருக்கு மேல் மழை, அதுவும் எந்த மாதமும் விடாமல். கம்பத்தில் ஆண்டுக்கு இரண்டு முறை கவாத்து செய்து பழம் எடுக்கிறார்கள். ஒரு வெள்ளாமை போனால் அடுத்ததில் பார்த்துக்கொள்ளலாம். போர்டோவில் கொடி குளிர்காலம் முழுவதும் கட்டையாகத் தூங்கி, மார்ச் கடைசியிலோ ஏப்ரலிலோ துளிர்த்து, ஜூனில் பூத்து, ஆகஸ்டில் நிறம் மாறி, செப்டம்பர், அக்டோபரில் அறுவடைக்கு வரும். ஆண்டுக்கு ஒரே வாய்ப்பு. தாமதமாகப் பழுக்கும் ரகத்துக்கு அந்த ஊர் விளிம்பு நிலம்: சில ஆண்டுகளில் அருமையாகப் பழுக்கும், சில ஆண்டுகளில் பழுப்பதற்குள் மழை வந்துவிடும்.

பங்காளிகள்

நம் மானாவாரி நிலங்களில் நிலக்கடலையை மட்டும் விதைத்துவிட்டுச் சும்மா இருக்க மாட்டார்கள். ஊடே துவரை போடுவார்கள், ஓரத்தில் ஆமணக்கு ஊன்றுவார்கள். மழை ஒன்றைக் கைவிட்டால் இன்னொன்று கைகொடுக்கும். போர்டோவின் சிவப்புக் கலவையும் இப்படி நிலத்திலிருந்து வந்த யோசனைதான். சுவைக் கணக்கு அதோடு சேர்ந்தே வளர்ந்தது.

கலவையின் இரண்டு பெரிய தூண்கள் கேபர்னே சாவின்யானும் மெர்லோவும். கேபர்னே சாவின்யானின் பிறப்பு நெடுங்காலம் புதிராக இருந்தது. 1997இல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் கரோல் மெரிடித்தும் ஜான் பவர்ஸும் மரபணுச் சோதனை செய்து, அது கேபர்னே ஃபிராங் என்ற கறுப்பு ரகத்துக்கும் சாவின்யான் பிளான் என்ற வெள்ளை ரகத்துக்கும் பிறந்தது என்று காட்டினார்கள். ஏதோ ஒரு தோட்டத்தில் தானாக நடந்த மகரந்தச் சேர்க்கை. மெர்லோவின் பெற்றோரில் ஒன்றும் அதே கேபர்னே ஃபிராங்தான். மற்றொன்று மக்தலேன் நுவார் என்ற, கிட்டத்தட்ட மறைந்தே போயிருந்த பழைய ரகம். ஜூலை 22இல் வரும் மகதலேனா திருநாளை ஒட்டியே பழுத்துவிடுவதால் அந்தப் பெயர் என்பார்கள்.

ஆக இரண்டு தூண்களும் பங்காளிகள். ஆனால் குணம் வேறு. மெர்லோ அவசரக்காரன்: முன்னதாகத் துளிர்க்கும், முன்னதாகப் பூக்கும், ஏறக்குறைய இரண்டு வாரம் முன்னதாகப் பழுக்கும். தோல் மெல்லியது, பழம் சற்றுப் பெரியது, சர்க்கரை அதிகம். குளிர்ந்த களிமண்ணிலும் பழுத்துவிடும். கேபர்னே சாவின்யான் நிதானக்காரன்: தாமதமாகத் துளிர்க்கும், சிறிய பழம், தடித்த தோல். பகல் வெயிலைச் சேர்த்து வைத்து இரவில் திருப்பிக் கொடுக்கும் கூழாங்கல் நிலம் அதற்கு வேண்டும். கேபர்னே ஃபிராங் வாசனைக்கு. பெத்தி வெர்தோ எல்லாவற்றுக்கும் கடைசியில் பழுக்கும். நிறமும் காரசாரமும் கொடுக்கும், ஆனால் நல்ல வெயில் அடித்த ஆண்டில்தான் உருப்படியாக வரும்.

நாட்காட்டி வேறுவேறாக இருப்பதுதான் இங்கே காப்பீடு. ஏப்ரல் உறைபனி முந்தித் துளிர்த்த மெர்லோவைத் தாக்கும்போது கேபர்னே இன்னும் மொட்டுக்குள் உறங்கிக்கொண்டிருக்கலாம். அக்டோபர் மழை கேபர்னேயைக் கெடுக்கும்போது மெர்லோ ஏற்கனவே தொட்டிக்குள் நொதித்துக்கொண்டிருக்கும்.

2013: ஒரு பருவத்தின் நாட்குறிப்பு

இந்தக் காப்பீடு எப்படி வேலை செய்கிறது என்று பார்க்க நல்ல ஆண்டுகள் உதவாது. எல்லாம் சரியாக நடந்தால் எல்லா ரகமும் பழுக்கும். கலப்பவருக்குப் பெரிய சோதனை இல்லை. 2013 போன்ற ஆண்டைத்தான் பார்க்க வேண்டும்.

அந்த ஆண்டு வசந்தம் குளிராகவும் ஈரமாகவும் இழுத்துக்கொண்டே போனது. கொடிகள் தாமதமாகத் துளிர்த்தன. ஜூனில் பூக்கும் நேரத்திலும் மழையும் குளிரும் விடவில்லை. திராட்சைப் பூவை அருகில் போய்ப் பார்த்தால்தான் இதன் விபரீதம் புரியும். அதற்கு விரிந்த இதழ்கள் கிடையாது. இதழ்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் பச்சை நிறத்தில் ஒரு குட்டித் தொப்பியாக இருக்கும், கடுகைவிடச் சற்றே பெரிதாக. வெயில் ஏறியதும் தொப்பி அடியிலிருந்து கழன்று விழும். உள்ளே இருக்கும் மகரந்தம் அதே பூவின் சூலகமுடியில் படியும். வண்டுக்கோ தேனீக்கோ அதிக வேலை இல்லை. ஆனால் குளிர்ந்த மழை பிடித்துக்கொண்டால் தொப்பி கழலாது. கழன்றாலும் மகரந்தக் குழாய் சூலை நோக்கி வளர ஏறத்தாழ 15 டிகிரியாவது வெப்பம் வேண்டும். அது கிடைக்காத பூ கருவுறாமல் உதிர்ந்துவிடும். அரைகுறையாகக் கருவுற்றவை விதையில்லாத குட்டிப் பழங்களாக நிற்கும். ஒரே குலையில் கடுகும் கொத்தமல்லியும் கலந்தாற்போல. அந்தக் குட்டிகளும் பெரியவையும் ஒரே நாளில் பழுக்கவும் பழுக்காது.

முந்திப் பூக்கும் மெர்லோ இதில் பலமாக அடிபட்டது. பூ உதிர்வது அதற்கு இயல்பாகவே உள்ள பலவீனம். குளிர் அதைப் பெரிதாக்கிவிட்டது. குலைகள் காம்பும் காற்றுமாக நின்றன.

ஜூலையில் வெயில் வந்தது, கொஞ்சம் ஆறுதல். மாதக் கடைசியில் புயல்காற்று. ஆகஸ்ட் 2ஆம் தேதி இரவு, இரண்டு ஆறுகளுக்கும் நடுவிலுள்ள பகுதியில் ஆலங்கட்டி மழை கொட்டி, பல தோட்டங்களில் இலையும் காயும் மிஞ்சாமல் அடித்துப் போட்டது. செப்டம்பரில் மீண்டும் ஈரம், கூடவே வெதுவெதுப்பு. பழுத்துவரும் திராட்சைக்கு இதைவிடக் கெட்ட கூட்டணி இல்லை. வேர் உறிஞ்சும் தண்ணீர் பழத்தை ஊதவைக்கிறது, தோல் வெடிக்கிறது, வெடிப்பில் பொட்ரைட்டிஸ் என்ற சாம்பல் நிறப் பூஞ்சை குடியேறுகிறது. அது சுரக்கும் லாக்கேஸ் என்ற நொதி, சிவப்பு ஒயினின் நிறமிகளைச் சிதைத்துப் பழுப்பாக்கிவிடும்.

விவசாயி முன் இருந்தவை இரண்டே வழிகள். காத்திருந்தால் பழம் அழுகும். இப்போதே பறித்தால் பழம் முழுதாகப் பழுத்திருக்காது. முழுதாகப் பழுக்காத கேபர்னேயில் பச்சைக் குடைமிளகாய் வாசனை அடிக்கும். குடைமிளகாயிலும் இதே வாசனையைத் தருகிற பைரசீன் வகைச் சேர்மம் அதற்குக் காரணம். ஒரு லிட்டர் சிவப்பு ஒயினில் 15 நானோகிராம் இருந்தாலே பயின்ற மூக்கு கண்டுபிடித்துவிடும். பத்து லட்சம் லிட்டர் கொள்ளும் தொட்டியில் 15 மில்லிகிராம், அதாவது ஒரு சிட்டிகை உப்பைவிடக் குறைவு. குலைமேல் வெயில் விழ விழ இந்தச் சேர்மம் குறையும். அதற்காகத்தான் குலையை மறைக்கும் இலைகளைக் கையால் கிள்ளிவிடுகிறார்கள். வெயிலே இல்லாத ஆண்டில் கிள்ளி என்ன பயன்?

துவர்ப்பும் அப்படித்தான். தோலிலும் விதையிலும் இருக்கும் டானின்கள் எச்சிலின் புரதத்தோடு பிணைந்துகொள்வதால் நாக்கு வறண்டு இழுக்கும். கொட்டைப்பாக்கை மெல்லும்போது நடப்பது அதுவே. நன்கு பழுத்த தோலின் டானின் நாக்கில் பட்டுப்போல வழுக்கும், பழுக்காததுடையது நாரைப்போல உரசும்.

போர்டோக்காரர்கள் செப்டம்பர் கடைசியில் தொடங்கி அவசர அவசரமாகப் பறித்தார்கள். பறித்ததை மேசைமேல் பரப்பி அழுகலைக் கையால் பொறுக்கி எறிந்தார்கள். 1991க்குப் பிறகு அவ்வளவு குறைந்த விளைச்சலை அந்த வட்டாரம் பார்த்ததில்லை. வேடிக்கை என்னவென்றால், போர்டோவுக்குத் தெற்கே சோத்தெர்ன் பகுதியில் அதே ஆண்டு நல்ல ஆண்டு. அங்கே வெள்ளைத் திராட்சையைப் பொட்ரைட்டிஸ் பிடிக்க வேண்டும் என்றே காத்திருப்பார்கள். பூஞ்சை தோலில் நுண்ணிய துளைகளிட்டுத் தண்ணீரை ஆவியாக்கிச் சர்க்கரையை இறுகவைக்கும். அதில்தான் புகழ்பெற்ற இனிப்பு ஒயின் செய்கிறார்கள். ஒருவர் தோட்டத்தில் நோய் என்று அழுதது, ஐம்பது கிலோமீட்டருக்குள் இன்னொருவர் தோட்டத்தில் வரம்.

மேசைமேல் ஒரு தீர்ப்பு

பெரிய தோட்டங்களில் ஒவ்வொரு ரகத்தையும், ஏன், ஒவ்வொரு துண்டு நிலத்தையும் தனித்தனித் தொட்டியில் நொதிக்க வைக்கிறார்கள். ஈஸ்ட் சர்க்கரையை ஆல்கஹாலாக்கும். லிட்டருக்குச் சுமார் 17 கிராம் சர்க்கரைக்கு ஒரு சதவீத ஆல்கஹால் என்பது கணக்கு. அதன் பிறகு இரண்டாவது நொதித்தலில் பாக்டீரியாக்கள் பச்சைக் காயின் கடும் புளிப்பான மாலிக் அமிலத்தை, தயிரில் இருக்கும் லாக்டிக் அமிலமாக மாற்றும். இரண்டாவது நொதித்தல் தற்செயலான கோளாறு அல்ல, நல்ல சிவப்பு ஒயினுக்கு அது தேவை என்பதைப் போர்டோ முழுவதும் ஏற்கவைத்தவர்களில் முக்கியமானவர், 1912இல் பிறந்த எமில் பேனோ. அழுகல் பழத்தை ஈவு இரக்கமின்றிக் கழிக்க வேண்டும், முதல் ஒயினுக்குத் தேறாததை இரண்டாம் ஒயினுக்குத் தள்ள வேண்டும் என்று தோட்டக்காரர்களிடம் ஓயாமல் வலியுறுத்தியவரும் அவரே.

குளிர்காலத்தில், பனிமூட்டம் ஜன்னலில் படிந்திருக்கும் நாட்களில், கலவைக்கான அமர்வு நடக்கும். மேசைமேல் எண்ணிட்ட மாதிரிப் புட்டிகள், அளவு கோடிட்ட கண்ணாடிக் குழாய், துப்புவதற்கு ஒரு வாளி. எந்தத் தொட்டி எது என்று பெயர் தெரியாமல் சுவைத்து, இதில் இவ்வளவு, அதில் அவ்வளவு என்று அளந்து ஊற்றிப் பார்ப்பார்கள். பெத்தி வெர்தோவை இரண்டு சதவீதம் கூட்டினால் மொத்த ஒயினும் இறுகிப்போகலாம். இட்லிக்கு அரிசியும் உளுந்தும் என்ன விகிதம் என்று கேட்டால், பாட்டி ஒரு கணக்குச் சொல்லிவிட்டு, "அரிசி பழசா புதுசா பாத்துக்கோ" என்றும் சேர்த்துச் சொல்வாரே, அப்படித்தான் இதுவும். விகிதம் கைவசம் இருக்கும். ஆனால் வந்திருக்கும் சரக்கைப் பார்த்துத்தான் கை முடிவு செய்யும்.

ஷாத்தோ மார்கோவில் வழக்கமாக முதல் ஒயினில் மெர்லோவுக்கு ஒரு சிறு பங்கு உண்டு. கேபர்னேயின் எலும்புக்கு மேல் கொஞ்சம் சதை வேண்டும் அல்லவா? 2013ஆம் ஆண்டுக் கலவையில் கேபர்னே சாவின்யான் 94 சதவீதம், கேபர்னே ஃபிராங் 5, பெத்தி வெர்தோ 1. மெர்லோ ஒரு துளிகூட இல்லை. ஜூன் மாதக் குளிரில் தொப்பி கழலாத பூக்களும், செப்டம்பர் ஈரத்தில் வெடித்த மெல்லிய தோலும் அந்தச் சுழியத்தில் பதிவாகியிருக்கின்றன. வானிலை நிலையத்துப் பதிவேடு இல்லாமலே அந்த விகிதத்தை வைத்து ஆண்டைப் படிக்கலாம். புட்டிமேல் ஆண்டை மட்டும் அச்சிடுகிறார்கள். ஆண்டு என்ன செய்தது என்பது விகிதத்துக்குள் இருக்கிறது.

ஏப்ரல் இரவுகள்

கலவையால் எல்லாவற்றையும் சமாளித்துவிட முடியாது. உறைபனி அதைக் கற்றுக்கொடுத்தது.

மேகமில்லாத, காற்றில்லாத ஏப்ரல் இரவுகள்தான் ஆபத்து. மேகப் போர்வை இல்லாததால் நிலத்தின் வெப்பம் வானத்துக்குத் தப்பிவிடும். குளிர்ந்த காற்று கனமானது. தண்ணீரைப் போலச் சரிவில் வழிந்து பள்ளத்தில் தேங்கும். வெப்பநிலை பூஜ்யத்துக்கு இரண்டு டிகிரி கீழே போனாலே இளந்தளிர் கருகிவிடும். திராட்சை மொட்டுக்குள் ஒன்றுக்கு மூன்று துளிர்கள் ஒளிந்திருக்கும். முதலாவது போனால் இரண்டாவது எழும்பும்; ஆனால் அதில் குலை குறைவு, பழுப்பதும் தாமதம்.

1991 ஏப்ரலில் அப்படி ஒரு இரவு. பொமரோலின் பெத்ரூஸ் தோட்டம் ஏறக்குறைய முழுக்க மெர்லோவையே நம்பியது. உலகின் மிக விலையுயர்ந்த ஒயின்களில் ஒன்றான அது, அந்த ஆண்டு ஒரு புட்டிகூட வெளியிடவில்லை. அதே ஆண்டு கழிமுகக் கரையிலுள்ள லாத்தூர் ஒயின் செய்தது. நல்ல கொடி ஆற்றைப் பார்த்து நிற்கும் என்பது மெடோக்கில் பழைய பேச்சு. அதற்குப் பின்னால் இயற்பியல் இருக்கிறது: அகன்ற நீர்ப்பரப்பு பகல் வெப்பத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு இரவில் கரையோரத்துக்குத் தருகிறது. 2017 ஏப்ரல் 27, 28 இரவுகளில் மீண்டும் உறைபனி விழுந்து போர்டோவின் மொத்த விளைச்சல் ஏறத்தாழ 40 சதவீதம் குறைந்தபோதும், கரையோரத் தோட்டங்கள் பெரும்பாலும் தப்பின.

ஆறு இல்லாதவர்கள் வரிசைகளுக்கு நடுவே மெழுகு வாளிகளைக் கொளுத்தி வைக்கிறார்கள். பெரிய காற்றாடிகளைச் சுழலவிட்டு மேலேயுள்ள வெதுவெதுப்பான காற்றைக் கீழே இழுக்கிறார்கள். இன்னொரு வழி கேட்பதற்கே விசித்திரமானது: கொடிகள்மேல் தண்ணீர் தெளிப்பது. ஒரு கிராம் தண்ணீர் பனியாக உறையும்போது 334 ஜூல் வெப்பத்தை வெளிவிடும். தெளித்துக்கொண்டே இருக்கும்வரை பனிக்கூட்டுக்குள் தளிர் பூஜ்ய டிகிரியிலேயே நிற்கும், அதற்குக் கீழே போகாது. விடியற்காலையில் கண்ணாடிக்குள் வைத்ததுபோல ஒவ்வொரு தளிரும் பனிக்குள் மின்னும். பாதி இரவில் தண்ணீர் தீர்ந்துபோனால் எல்லாம் போச்சு.

சாலையோரக் கொடிகள்

இனி நீலக் கலவைக்கு வருவோம். 19ஆம் நூற்றாண்டின் நடுவில் அமெரிக்காவிலிருந்து பிரான்ஸுக்கு மூன்று துன்பங்கள் வரிசையாக வந்தன. 1850களில் சாம்பல் நோய். 1860களில் வேரைத் தின்னும் ஃபிலோக்சரா என்ற பூச்சி. அதைத் தாங்கும் அமெரிக்கக் கொடிகளை இறக்குமதி செய்யப் போய், 1878இல் அடிச்சாம்பல் நோய். இலைகள் பழுத்து உதிர்ந்தன. இலையில்லாத கொடியில் பழம் இனிக்காது.

1882 அக்டோபரில் போர்டோ பல்கலைக்கழகத் தாவரவியல் பேராசிரியர் பியேர் மியார்தே மெடோக்கின் சேன் ஜூலியன் பகுதியில் நடந்துகொண்டிருந்தார். தோட்டங்களின் உட்பகுதியில் கொடிகள் மொட்டையாக நின்றன. சாலையை ஒட்டிய வரிசைகளில் மட்டும் இலைகள் பசுமையாக இருந்தன. கிட்டே போய்ப் பார்த்தால், இலைகள்மேல் நீலமாக ஏதோ பூசியிருந்தது. விசாரித்ததில் வந்த பதில் எளிமையானது: வழிப்போக்கர்கள் பழம் பறிக்காமல் இருக்க, விஷம்போலத் தெரியட்டும் என்று துத்தமும் சுண்ணாம்பும் கலந்து தெளித்திருந்தார்கள். திருட்டைத் தடுக்கச் செய்த பூச்சு நோயைத் தடுத்திருந்தது.

மியார்தே அதை அப்படியே விட்டுவிடவில்லை. வேதியியலாளர் உலீஸ் கயோனோடு சேர்ந்து ஆய்வகத்திலும், தோட்ட நிர்வாகி எர்னெஸ்ட் தவீதின் உதவியோடு தோட்டத்திலும் மூன்று பருவங்கள் சோதித்து, 1885இல் செய்முறையை வெளியிட்டார். உலகின் முதல் வெற்றிகரமான பூஞ்சைக்கொல்லிகளில் ஒன்று அது. அங்கிருந்துதான் உருளைக்கிழங்கு, காப்பி, தேயிலை, பாக்கு என்று பரவி, நம் வெற்றிலைக் கொடிக்காலுக்கும் திராட்சைப் பந்தலுக்கும் வந்து சேர்ந்தது.

அது வேலை செய்யும் விதத்தில் ஒரு நுட்பம் இருக்கிறது. அடிச்சாம்பலை உண்டாக்கும் உயிரி பார்க்கப் பூஞ்சைபோல இருந்தாலும் உறவுமுறையில் கடற்பாசிகளுக்கு நெருக்கமானது. பழைய சருகுகளில் குளிர்காலத்தைக் கழிக்கும். வெப்பம் 10 டிகிரி, மழை 10 மில்லிமீட்டர், தளிர் நீளம் 10 சென்டிமீட்டர் என்று மூன்று பத்துகளும் கூடினால் முதல் தாக்குதல் வரும் என்பது தோட்டக்காரர்களின் கைக்கணக்கு. அதன் வித்துகளுக்கு இரண்டு வால்கள் உண்டு. இலைமேல் படிந்த நீர்ப்படலத்தில் நீந்தி, அடிப்புறத்திலுள்ள இலைத்துளைகளைத் தேடி நுழையும். வெறும் துத்தத்தைத் தெளித்தால் இலையே கருகும். சுண்ணாம்பு அந்தக் கடுமையைத் தணித்து, மருந்தை இலையோடு ஒட்டவைக்கிறது. மழைத்துளி பட்டதும் செம்பு அயனிகள் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து, நீந்தும் வித்தை நுழைவதற்கு முன்பே கொன்றுவிடும். நுழைந்த பிறகு ஒன்றும் செய்ய முடியாது. நோய் வந்தபின் குணமாக்கும் மருந்து இல்லை இது, வாசலில் நிற்கும் காவல்தான். மழை கழுவிவிட்டால் திரும்ப அடிக்க வேண்டும். புதிதாக விட்ட இலைக்கும் தனியாக அடிக்க வேண்டும்.

அந்தக் காவலின் எல்லை 2018இல் தெரிந்தது. ஜூலை நடுப்பகுதிவரை ஓயாத மழை. ரசாயன மருந்துகளைக் கைவிட்டுச் செம்பை மட்டும் நம்பியிருந்த ஷாத்தோ பால்மே தோட்டத்தில் அடிச்சாம்பல் புகுந்து விளையாடியது. ஹெக்டேருக்கு 1,100 லிட்டர் ஒயின்தான் கிடைத்தது, ஏறக்குறைய 1,460 புட்டிகள். வழக்கமாகச் செய்யும் இரண்டாம் ஒயினை அந்த ஆண்டு செய்யவே இல்லை. ஆனால் ஜூலைக்குப் பின் வந்த நீண்ட வெயிலில், மிஞ்சிய பழம் பிரமாதமாகப் பழுத்தது. ஒயின் பெரும் பாராட்டு வாங்கியது. ஒரே பருவத்தில் வானம் ஒரு கையால் பறித்து மறு கையால் கொடுத்தது.

செம்புக்கும் விலை உண்டு. அது மண்ணில் மக்காது. ஆண்டாண்டாய்ச் சேர்ந்து மண்புழுக்களை வதைக்கும். அதனால் ஐரோப்பிய ஒன்றியம் 2019 முதல் ஏழு ஆண்டுகளுக்கு ஹெக்டேருக்கு 28 கிலோ செம்புதான் என்று வரம்பு வைத்தது.

மாறும் விகிதம்

இப்போது வானமே பழைய வானமாக இல்லை. வசந்தம் முந்தி வெதுவெதுப்பாவதால் கொடிகள் முந்தித் துளிர்க்கின்றன. உறைபனி இரவுகளோ இன்னும் விடைபெறவில்லை. 2021 ஏப்ரலில் பிரான்ஸைத் தாக்கிய உறைபனியை ஆராய்ந்த 'வேர்ல்ட் வெதர் அட்ரிபியூஷன்' குழு, துளிர்த்த கொடிமேல் இப்படி உறைபனி விழும் வாய்ப்பைப் புவி வெப்பமாதல் சுமார் 60 சதவீதம் கூட்டியிருக்கிறது என்று கணக்கிட்டது. உலகம் சூடாவதால் உறைபனிச் சேதம் கூடுகிறது என்பது முரண்போலத் தெரியும். துளிர்க்கும் தேதியைச் சேர்த்துப் பார்த்தால் முரண் இல்லை.

கோடையில் கதை தலைகீழ். போர்டோவின் சிவப்பு நிலத்தில் மூன்றில் இரண்டு பங்கு மெர்லோ. விளிம்பு நிலத்தில் அவசரம் பலமாக இருந்தது. வெயில் கூடியபின் அதே அவசரம் சுமையாகிறது. சர்க்கரை வேகமாக ஏறி ஆல்கஹால் மிஞ்சுகிறது, புளிப்பு குறைகிறது. ஒரு காலத்தில் பழுக்கவே தயங்கிய பெத்தி வெர்தோ இப்போது ஆண்டு தவறாமல் பழுக்கிறது. 2021இல் ஆறு புதிய ரகங்களுக்குச் சோதனை முறையில் அனுமதி தந்தார்கள். அவற்றில் போர்ச்சுகலின் தோரிகா நாசியோனால், மார்செலான் உட்பட நான்கு கறுப்பு ரகங்கள். தோட்டத்தில் 5 சதவீதப் பரப்புக்கு மேல் நடக்கூடாது, கலவையில் 10 சதவீதத்துக்கு மேல் சேர்க்கக்கூடாது. 1855ஆம் ஆண்டுப் பட்டியலில் ஒரே ஒரு தோட்டத்தை மேலேற்ற 118 ஆண்டுகள் எடுத்துக்கொண்ட ஊர் அது. அந்த ஊர், வானத்துக்காகத் தன் கலவையைத் திறந்துவிட்டிருக்கிறது.

மெடோக்கில் இரவு மழை பெய்து ஓய்ந்த காலையில் தோட்டக்காரர் முதலில் செய்வது, கொடியருகே குந்தி ஓர் இலையைத் திருப்பிப் பார்ப்பது. மேல்பக்கம் எண்ணெய் பட்டதுபோல மங்கலான மஞ்சள் திட்டு. அடிப்பக்கம் வெண்ணிறத் துகள் இருக்கிறதா? கம்பம் பள்ளத்தாக்கின் சுருளிப்பட்டியில் பந்தலுக்கடியில் நிற்கும் விவசாயி குந்த வேண்டியதில்லை, அண்ணாந்து பார்த்தால் இலையின் அடி தெரிந்துவிடும். அடிச்சாம்பல் என்று அந்த நோய்க்குத் தமிழில் வைத்த பெயரே எங்கே பார்க்க வேண்டும் என்று சொல்லிவிடுகிறது. வெண்துகள் இல்லையென்றால் இருவரும் அடுத்துப் பார்ப்பது வானத்தைத்தான். மேகம் திரண்டிருந்தால், இங்கே ஒரு வாளியில் துத்தம் கரையத் தொடங்கும், ஒரு கத்தி காத்திருக்கும்.